எந்த நீரின் ஓசை?

நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழியை அடக்கமுடைய அறிஞர்களைப் பாராட்டும் இடங்களிலேயே பெரும்பாலும் கேட்க முடிகிறது. ஆனால் அப்பழமொழி முதலில் குடத்தைப் பற்றியது. அறிஞர்களைப் பற்றியதாக அது மாறியது பிறகுதான். கிணற்றிலிருந்து வீடுவரை இடுப்பில் குடம் சுமந்து நடந்த பெண்கள் கண்டறிந்த உண்மை அது. கழுத்துவரை நிறைந்த குடத்தில் நீர் அசைவதற்கு இடமில்லை. ஆகவே ஓசையும் இல்லை. அரைக்குடத்திலோ நீருக்கு மேலே காற்று இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சென்று மோதுகிறது. தளும்பும் ஓசைக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். இந்தச் சிறு செய்தியை மறவாமல் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும்.

கிரேக்க மருத்துவர் இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலும் இவ்வுண்மை வேறொரு வடிவில் இடம்பெற்றுள்ளது. நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்த நோயாளியை அசையாத இருக்கை ஒன்றில் அமர்த்துவார்கள். ஒருவர் அவருடைய கைகளைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் தோள்களைப் பற்றிக் குலுக்கி, விலாவின் எந்தப் பக்கத்தில் தளும்பல் கேட்கிறது எனக் காதுகொடுப்பார். இக்கால மருத்துவர்கள் இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறார்கள். நெஞ்சுக்கூட்டில் நீர் மட்டும் நிறைந்திருந்தால் அந்த ஓசை எழாது. நீரோடு காற்றும் புகுந்திருந்தால்தான் எழும். குடத்துக்கும் நெஞ்சுக்கும் விதி ஒன்றுதான்.

ஓடும் வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து இதே ஓசை எழுவதுண்டு. ஓட்டுநருக்கு முன்னே அளவுமானிகளைத் தாங்கி நிற்கும் அந்த முகப்புப் பலகை வெளியே பார்க்க அமைதியானது. அதன் பின்னாலோ கம்பிக் கற்றைகள், காற்றை ஊதும் ப்ளோயர், ஏசியின் குளிர்க்கூடு, ஹீட்டரின் வெப்பக்கூடு எனப் பலவும் நெருக்கி அடைக்கப்பட்டுள்ளன. அதைக் கழற்றுவது எளிய வேலையன்று. பல வண்டிகளில் ஒரு முழுநாள் அதற்கே போய்விடும். கழற்றி மாட்டிய பிறகு வேறு இடங்களில் கிறீச்சிடும் ஒலிகள் புதிதாகப் பிறப்பதும் உண்டு. எனவே கைக்கு முன்னால் காது வேலை செய்ய வேண்டும். காது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே தளும்புவது எந்த நீர்?

டேஷ்போர்டுப் பகுதியில் மூன்று வகை நீர் தங்கக்கூடும். முதலாவது மழைநீர். முன்கண்ணாடியின் அடியில், துடைப்பான்கள் படுத்திருக்கும் இடத்தில், ஒரு பள்ளமான வாய்க்கால் உண்டு. கண்ணாடியில் வழியும் மழைநீர் அங்கே இறங்கி, இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் சருகுகள் அத்துளைகளை அடைத்துவிடும். வாய்க்கால் தொட்டியாகிவிடும். வண்டி வளைவில் திரும்பும்போது அந்தத் தொட்டிநீர் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடும். அளவு மிகுந்தால் ப்ளோயரின் காற்று வாயில் வழியாக உள்ளேயும் இறங்கும்.

இரண்டாவது, காற்றிலிருந்து பிறக்கும் நீர். குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல ஏசியின் குளிர்க்கூடும் வியர்க்கிறது. அந்நீர் ஒரு சிறிய ரப்பர்க் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் நிற்கும் வண்டியின் கீழே சிறு குட்டை கட்டுவது இதனால்தான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது அக்குட்டை காணாமற்போகும் நாளில்தான். தூசியோ பூச்சிக்கூடோ குழாயை அடைத்திருந்தால் நீர் கூட்டுக்குள்ளேயே தங்கும். பிரேக் அழுத்தும்போது ஒரு முறை மோதும். வண்டி புறப்படும்போது மறுமுறை மோதும். பிறகு இடப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பவரின் காலணி நனையும்.

மூன்றாவது நீர் இவ்விரண்டைப் போன்றதன்று. அது எஞ்சினின் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் கூலண்ட். நீரும் எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளும் பெரும்பாலும் சரிபாதியாகக் கலந்த நீர்மம் அது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடேறும் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. அதில் ஒரு கிளை, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வெப்பக்கூட்டுக்குள் நுழைந்து வெளியேறுகிறது. ஹீட்டர் என்பது தனி அடுப்பன்று. எஞ்சின் வேண்டாமென்று விடும் வெப்பத்தைப் பயணிகள் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. அச்சுற்று முழுவதும் நிறைகுடமாக இருக்க வேண்டும். அது தளும்புகிறது என்றால் எங்கோ கூலண்ட் குறைந்து, அந்த இடத்தில் காற்று குடியேறியிருக்கிறது.

சென்னையிலோ மதுரையிலோ வளரும் ஒருவருக்கு இந்த மூன்றாவது நீர் டேஷ்போர்டுவரை வருவதே தெரியாமற்போகலாம். நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பும் அந்தக் குமிழை அங்கே எவரும் சிவப்புப் பக்கம் திருப்புவதில்லை. பணிமாற்றம் பெற்ற பெற்றோருடன் டேராடூனுக்கோ சண்டிகருக்கோ வந்து சேரும் பிள்ளைகள் முதற்குளிர்காலத்தில்தான் அக்குமிழின் பயனைக் கண்டறிகிறார்கள். விரல்கள் விறைத்த டிசம்பர்க் காலையில் காற்றுத் துளையின் முன் கையை நீட்டுவதைவிட இனியது வேறொன்றும் அவர்களுக்கு இல்லை.

டேராடூனில் அப்படிப்பட்ட பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று இருந்தது. அதன் ஓட்டுநர் கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்த இளைஞர். வண்டியைத் தம் வீட்டெதிரே லிச்சி மரத்தடியில் நிறுத்துவது அவர் வழக்கம். ஜூலை மாதம் மழை வலுத்திருந்தபோது டேஷ்போர்டின் இடப்புறத்திலிருந்து நீர் தளும்பும் ஓசை கேட்டது. இரண்டு நாள் கழித்துக் கால்விரிப்பு நனைந்தது. அவர் கண்ணாடியடி வாய்க்காலில் கைவிட்டுப் பிடி பிடியாக லிச்சிச் சருகுகளை அள்ளினார். வண்டிக்கு அடியில் படுத்து, ஏசியின் ரப்பர்க் குழாய்க்குள் மெல்லிய கம்பியை நுழைத்துச் சுழற்றினார். சேறு கலந்த நீர் முகத்தின்மேல் கொட்டியது. ஓசை நின்றது. செலவு ஏதுமில்லை. அந்த வெற்றி அவருக்குப் பெருமையளித்தது. அதில் தவறும் இல்லை.

டிசம்பரில் ஓசை மீண்டும் வந்தது. முன்னிருக்கையில் அமரும் ஆறாம் வகுப்புச் சிறுமிதான் முதலில் சொன்னாள், டேஷ்போர்டுக்குள் யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள் என்று. ஓட்டுநர் சிரித்தார். மறுநாள் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். குழாயிலிருந்து ஒரு துளியும் வரவில்லை. வாய்க்காலும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஓசை மட்டும் தொடர்ந்தது. கம்பி இன்னும் ஆழமாகப் போக வேண்டும்போலும் என்று எண்ணி ஒரு வாரத்தைக் கழித்தார். ஒருமுறை சரியாக அமைந்த விடை, அடுத்த கேள்வியைக் கேட்கவிடாமல் மறித்து நிற்பது வண்டிப் பட்டறைகளில் மட்டும் நிகழ்வதன்று.

அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை மாலையில் வேன் ஒரு முதிய மெக்கானிக்கின் பட்டறை வாசலுக்கு வந்தது. மறுநாள் காலை பதினொரு பிள்ளைகளை மசூரிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. டேராடூனிலிருந்து மசூரி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் அந்தக் குறுகிய தொலைவுக்குள் சாலை 1,300 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் தாழ்ந்த கியரில் நெடுநேரம் உழைக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

மெக்கானிக்கை அப்பகுதியினர் மிஸ்திரிஜி என்றே அழைத்தனர். ஓட்டுநர் இறங்கியவுடனே, ஏசிக் குழாய் மீண்டும் அடைத்துக்கொண்டது, அழுத்தக் காற்று விட்டுச் சுத்தம் செய்து தாருங்கள் என்றார். மிஸ்திரி கருவி எதையும் எடுக்கவில்லை.

“ஏசியைக் கடைசியாக எப்போது போட்டாய், பேட்டா?”

“தீபாவளிக்கு முன்னால், மிஸ்திரிஜி.”

“மழை?”

“மூன்று வாரமாக ஒரு தூறல்கூட இல்லை.”

“அப்படியானால் இந்த நீர் எங்கிருந்து வந்தது?”

ஓட்டுநரிடம் விடை இல்லை. மிஸ்திரி அடுத்ததாகக் கேட்டது விந்தையான கேள்வி. ஓசை சப்சப் என்றிருக்கிறதா, குட்குட் என்றிருக்கிறதா என்று அவர் கேட்டார். இந்தியில் முன்னது நீர் மோதித் தெறிக்கும் ஒலிக்குறிப்பு. பின்னது குறுகிய வழியில் நீரும் காற்றும் முட்டிக்கொண்டு போகும் ஒலிக்குறிப்பு. தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டச் சொற்கள் மிகுதி. அகன்ற தொட்டியில் நீர் சளப்சளப் என்று அடிக்கிறது. ஓடை சலசல என்று ஓடுகிறது. ஊற்று குபுகுபு என்று பொங்குகிறது. குறுகிய கழுத்துடைய கூசாவைச் சாய்த்தால் களுக்களுக் என்கிறது. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணப் பாடத்தில் படிப்பதோடு பலர் அதை விட்டுவிடுகின்றனர். பிரிக்காமல் வைத்திருந்தால் அது எவ்வளவு நுண்ணிய பொருளைத் தருகிறது என்பது இத்தகைய தருணத்தில்தான் விளங்கும். ‘ஏதோ சத்தம் வருகிறது’ என்று சொல்லும் ஓட்டுநருக்குப் பட்டறை பெரிய பட்டியலை நீட்டும். ‘காலையில் வண்டியைக் கிளப்பியதும் களுக்களுக் என்கிறது’ என்று சொல்பவருக்கு அந்தப் பட்டியல் ஒரே வரியாகச் சுருங்கிவிடும்.

ஓட்டுநர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். ஜூலையில் வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும்தான் ஓசை எழுந்தது. நேரான சாலையில் இல்லை. இப்போது அப்படியில்லை. எஞ்சினை இயக்கியவுடன் எழுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விரைகிறது. வளைவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. குட்குட்தான், மிஸ்திரிஜி என்றார்.

அந்த விடையில் பாதை பிரிந்தது. தேங்கிய நீர் வண்டியின் அசைவுக்கு ஏற்ப ஓசையிடும். பம்பு தள்ளும் நீரோ எஞ்சினின் விரைவுக்கு ஏற்ப ஓசையிடும். ஏசியை நிறுத்திய சில நொடிகளுக்கு அதன் குளிர்வாயு குழாய்களில் அடங்கும்போதும் இதுபோன்ற ஒலி மெலிதாகக் கேட்பதுண்டு. அது இயல்பானது. ஆனால் டிசம்பரில், ஏசியைத் தொடாத வண்டியில், அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மிஸ்திரி ஹீட்டரைப் பற்றிக் கேட்டார். ஓட்டுநருக்கு அப்போதுதான் சிறுமியின் இன்னொரு குறை நினைவுக்கு வந்தது. பள்ளி வாயிலில் வண்டி நிற்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது என்றும், வண்டி விரைந்து ஓடும்போது மட்டும் சூடாக வருகிறது என்றும் அவள் நாள்தோறும் முறையிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை குளிர் தாங்காமல் சொல்கிறாள் என்று அவர் விட்டுவிட்டார். உண்மையில் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. கூலண்ட் குறைந்த சுற்றில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பம்பு நீரை வெப்பக்கூடுவரை தள்ள இயலாது. அங்கே காற்று அமர்ந்திருக்கும். எஞ்சின் விரைந்தால் நீர் காற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும். களுக்களுக் என்ற ஓசையும் வெப்பமும் சேர்ந்தே வரும்.

“ஆனால் பாட்டிலில் கூலண்ட் நிறைய இருக்கிறதே, மிஸ்திரிஜி! நேற்றும் பார்த்தேன்” என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது உண்மை. எஞ்சின் அறையின் ஓரத்தில் இருந்த வெண்ணிறப் பாட்டிலில் கூலண்ட் இரு கோடுகளுக்கு நடுவே அமைதியாக நின்றது. “அப்படியானால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்” என்று சொல்லியவாறே ஒரு பழந்துணியை எடுத்து மூடியின்மேல் வைத்தார். மிஸ்திரி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

அந்த ஒரு நொடியில் நேரவிருந்தது சிறு தீங்கன்று. ஓடி வந்த எஞ்சினின் கூலண்ட், மூடி பிடித்துவைத்திருக்கும் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்த கணமே அழுத்தம் போய்விடும். நீர் ஆவியாகச் சீறிக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். துணி அதைத் தடுக்காது. எஞ்சின் நன்கு குளிரும்வரை அம்மூடியைத் தொடக்கூடாது என்பதில் எந்தப் பட்டறைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவசரம் எவ்வளவு பெரியதாயினும் இவ்விதிக்கு விலக்கும் இல்லை.

குளிரும்வரை மிஸ்திரி சும்மா இருக்கவில்லை. கால்விரிப்பைத் தூக்கிக் கையால் தடவினார், உலர்ந்திருந்தது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசைபோன்ற படலம் இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்தார், இல்லை. உள்ளே இனிப்பு வாடையும் இல்லை. வெப்பக்கூடே ஓட்டையாகியிருந்தால் இம்மூன்றில் ஒன்றேனும் தென்பட்டிருக்கும். ஆகவே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. பிறகு எஞ்சின் ஆயில் ஊற்றும் இடத்தின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பாலேடு போன்ற வெளுத்த பசை ஏதும் ஒட்டியிருக்கவில்லை. புகைக்குழாயில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை தொடர்ந்து வந்ததுண்டா என்று கேட்டு, இல்லை என்ற விடையைப் பெற்றார். எஞ்சின் தலைப்பகுதியின் கேஸ்கட் பழுதாகிக் கூலண்ட் உள்ளே போகிறது என்னும் பெரிய அச்சம் ஓரளவு விலகியது. சில பட்டறைகளில் இந்நேரத்துக்கு வெப்பக்கூடு, ஏசிக்கூடு, பம்பு என மூன்று புதிய பெட்டிகள் பிரிக்கப்பட்டிருக்கும். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நோயறிதல் அன்று. பிறர் பணத்தில் ஆடும் சூதாட்டம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடாத நிலையில், மிஸ்திரி மூடியைத் திறந்தார். விளக்கை உள்ளே காட்டினார். கழுத்துவரை தெரிய வேண்டிய கூலண்ட் கண்ணுக்கே எட்டவில்லை. பாட்டில் நிறைந்திருக்க, ரேடியேட்டர் வற்றியிருந்தது.

இது எப்படி நிகழ்ந்தது என்பது அறியத்தக்கது. எஞ்சின் சூடேறும்போது கூலண்ட் விரிந்து, மிகுதியானது மூடியின் வழியே பாட்டிலுக்குப் போகும். குளிரும்போது சுற்றில் வெற்றிடம் தோன்றும். பாட்டிலிலிருந்து அதே அளவை அது உறிஞ்சிக்கொள்ளும். சுற்றில் எங்கேனும் மெல்லிய கசிவு இருந்தால், பாட்டிலிலிருந்து கூலண்டை இழுப்பதைக் காட்டிலும் கசிவின் வழியாகக் காற்றை இழுப்பது அதற்கு எளிது. பகலில் கூலண்ட் சிறிது வெளியேறும். இரவில் காற்று சிறிது உள்ளே வரும். பாட்டில் தன் அளவில் நின்றுகொண்டே பார்ப்பவரை ஏமாற்றும்.

ஓட்டுநர் கடைசியாக வெப்பமானியின் முள்ளைச் சுட்டினார். அது ஒருநாளும் நடுவைத் தாண்டியதில்லையே என்றார். வெப்பத்தை அளக்கும் உணரி கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் முள் உண்மை சொல்லும். கூலண்ட் இறங்கி, உணரியைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கக்கூடும். சமநிலத்தில், குளிர்ந்த காலையில், குறுகிய தொலைவு ஓடிய வண்டி குறைந்த கூலண்டோடு காலந்தள்ளிவிட்டது. மசூரி ஏற்றம் அப்படி விட்டுவைக்காது. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமுள்ள அந்நகரில் திறந்த பாத்திரத்தில் வெறும் நீர் 93 பாகை செல்சியசு அளவிலேயே கொதித்துவிடும். அழுத்தம் காக்க இயலாத சுற்றில் மலை ஏற ஏறக் கொதிநிலை தாழ்ந்துகொண்டே வரும்; எஞ்சினின் உழைப்போ ஏறிக்கொண்டே போகும். கொதித்த எஞ்சின் வளைவின் நடுவில் நின்றுபோனால், பதினொரு பிள்ளைகளோடு அந்த வேன் எந்த ஓரத்தில் ஒதுங்கும்? மிஸ்திரி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஓட்டுநர் ரேடியேட்டரின் வெறும் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கசிவைக் கண்டறிவது அதன்பின் நேரான வேலையாயிற்று. ரேடியேட்டரைத் தற்காலிகமாக நிரப்பி, மூடியின் இடத்தில் அளவுமானி பொருத்திய கைப்பம்பை மாட்டி, மூடியில் பொறித்திருந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார்கள். முள் மெல்ல இறங்கியது. எஞ்சினின் பின்புறம், வெப்பக்கூட்டிலிருந்து திரும்பும் ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் ஒரு வளையம் தெரிந்தது. அதன் அடியில் ஒரு துளி திரண்டு நின்றது. எஞ்சினின் சூட்டில் நாள்தோறும் அது சொட்டுமுன் உலர்ந்துவிட்டதால்தான் தரையில் கறை விழவில்லை. ஹோசின் முனை தடித்து விறைத்திருந்தது. அதை இறுக்கியிருந்த கிளிப் தளர்ந்திருந்தது. இரண்டும் மாற்றப்பட்டன. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையமும் வெடித்திருந்ததால் மூடியும் புதிதாயிற்று.

நிரப்புவதற்குப் பொறுமை வேண்டும். மிஸ்திரி வண்டியைப் பட்டறைக்கு முன்னிருந்த சரிவில் மூக்கு மேல்நோக்கி இருக்குமாறு நிறுத்தச் செய்தார். அப்போது ரேடியேட்டரின் வாய் சுற்றின் உச்சியாகிறது. காற்று தானாகவே அங்கே ஏறி வரும். ஹீட்டர்க் குமிழைச் சிவப்பு முனைக்குத் திருப்பி, மூடி திறந்திருக்கவே குளிர்ந்த எஞ்சினை இயக்கி, காய்ச்சி வடித்த நீர் கலந்த கூலண்டைச் சிறிது சிறிதாக ஊற்றினார். முதலில் பெருங்குமிழிகள் வந்தன, பிறகு சிறியவை. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகியது. கழுத்தில் நின்ற கூலண்ட் சட்டென்று உள்ளே இறங்கியது. மீண்டும் ஊற்றினார். ஹோசைக் கையுறையிட்ட கையால் அமுக்கி அமுக்கி விட்டார். குமிழி வருவது முற்றும் நின்ற பிறகே மூடியைத் திருகினார். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருந்தது. ரேடியேட்டர் விசிறி இருமுறை சுழன்று நிற்கும்வரை எஞ்சின் ஓடியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓசை இல்லை.

தரையில் சிந்திய கூலண்டை மிஸ்திரி வாளி நீரால் கழுவி, மேலே மண்ணைக் கொட்டிப் பரப்பினார். பட்டறை அடுப்பருகே ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது; நாய்கள் அதை விரும்பி நக்கும். சிறிதளவே சிறுநீரகங்களைக் கெடுத்துக் கொன்றுவிடும். தட்டில் சேர்ந்த பழைய கூலண்டை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி உயரமான பலகையில் வைத்தார்.

“காலையில் வண்டியைக் கிளப்புமுன் மூடியைத் திறந்து பார். கழுத்துவரை இல்லையென்றால் மலைக்குப் போகாதே, எனக்குச் சொல்லியனுப்பு” என்றார் மிஸ்திரி.

காலை ஐந்தரை மணிக்கு லிச்சி மரத்தடியில் கைவிளக்கோடு நின்ற ஓட்டுநர் மூடியைத் திறந்தார். கூலண்ட் கழுத்துவரை நின்றது. பிள்ளைகள் கம்பளிக் குல்லாயோடு வந்து ஏறினர். ராஜ்பூர் தாண்டி ஏற்றம் தொடங்கிய சிறிது நேரத்தில், முன்னிருக்கைச் சிறுமி கையுறைகளைக் கழற்றினாள். பிறகு, மிகவும் சூடாக இருக்கிறது என்று சொல்லி, ஹீட்டர்க் குமிழை நீலப் பக்கமாகச் சிறிது திருப்பினாள்.